உபதலைவரின் உரை எங்கே?

"என்ரை பேரை வேணுமெண்டே வெட்டிப்போட்டீர், என்ன?"

அம்மருட் என்ற புறநகரில் கஜரூபன் வீட்டுக் கதவு திறந்ததும் திறக்காததுமாகக் குகநேசன் பொரிந்து தள்ளினார்.

கையில் தமிழ்ச் சங்க ஆண்டு விழா அழைப்பிதழ். 'உரை' என்ற இடத்தில் யோகராணி ரீச்சரின் பெயர் மட்டும்தான் இருந்தது. சங்கத்தின் உபதலைவர் குகநேசன், அவருடைய பெயரைக் காணோம். போன வருடமும் இதே கூத்துத்தான்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ அங்கிள். நான் ஒருத்தரையும் வெட்டேல்லை. நீங்கள் எல்லாரும் அனுப்புற பேருகளை ஒரு ஃபைலிலை போட, நான் பேர்ள் எண்ட கணினி மொழியிலை எழுதின புரோகிராம்தான் அழைப்பிதழை அடிக்குது."

"அதுக்கு என்னோடை என்ன கோவம்?"

"அங்கை ஒரு தலைப்புக்கு ஒரு கதிரைதான். முந்திக்கொண்டு பேர் அனுப்பினது நீங்கள், அதாலை 'உரை'க் கதிரையிலை முதல் நீங்கள்தான் இருந்தியள். பிறகு அதே 'உரை' எண்டு இன்னொராள் வந்தா, உங்களை எழுப்பிப்போட்டு அவர் இருந்திடுவார். கடைசியா வந்தவர்தான் மிஞ்சுவார். சத்தம் சந்தடியே இராது."

"எங்கடை சங்கத்திலை கதிரை மாறினா, சத்தமெண்டாலும் வரும்!"

குகநேசனுக்கு நெஞ்சு கொதித்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று நின்று பாடமாக்கிய உரை. கையை எங்கே உயர்த்துவது என்றுகூடப் பழகியிருந்தார்.

"தெரிஞ்சும் திருத்தாமல் இருக்கிறீரே, வெக்கமா இல்லையா? எல்லாருக்கும் நீதி வேணும். இப்பவே திருத்தும்!"

"இந்த நாட்டு டுக்னாட், பொதுவேலை எண்டு காசு வாங்காமல் சும்மா செய்து குடுக்கிறன், அதுக்கு ஏச்சு வேறை" என்று முணுமுணுத்தபடி கஜரூபன் புரோகிராமை மாற்றினான். இனி ஒரே தலைப்பில் எத்தனை பேர் வந்தாலும் எல்லோரும் வரிசையாக இருக்கலாம்.

திரையில் முதலாவதாகக் குகநேசன் வந்தார். முகம் மலர்ந்தது. அவருக்குக் கீழே தலைவர். பிறகு பழைய தலைவர். பிறகு பழைய தலைவரை விழுத்தினவர். பெயர்கள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன.

"இத்தனை பேருமா பேசப் போகினம்?"

"ஓம் அங்கிள். ஆளுக்கு அரை மணித்தியாலம். யோகராணி ரீச்சர் மட்டும் 'எல்லாரும் வாங்கோ, சாப்பிடுவம்' எண்டு சொல்லிப்போட்டு இறங்கிடுவா. அதுதான் வருசா வருசம் அவவைக் கடைசியிலை போடுறனான். சின்னப் பிள்ளையள் பசி கிடக்கக்கூடாதெல்லே."

போன வருடம் கொத்துரொட்டி ஏன் சுடச்சுட இருந்தது என்று இப்போதுதான் குகநேசனுக்கு விளங்கியது. கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

"நீர் தங்கமான பிள்ளை, தம்பி. பழையபடியே விடும்."

கஜரூபன் நிம்மதியாகப் பழையபடி மாற்றினான்.

கதவடியில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ரீச்சருக்குப் பிறகு என்ரை பேரை இன்னொருக்கால் போட்டுவிடும்."