சங்கு குளித்த வம்சம்

படகில் நான்கு பேர் இருந்தார்கள்: சவரியப்பர், மகன் லெயோன், மருமகள் பிரகாசி, படகோட்டி இருதயம். தீவையொட்டிப் பவளப்பாறை பார்க்க இறங்கவிருந்த லெயோன், கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, லைஃப் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டான்.

“சங்கு குளிச்ச வம்சம்டே நாம. பாக்குறவன் சிரிப்பான், கழத்து அத,” என்றார் சவரியப்பர்.

“அவுகளுக்கு நீச்சலே தெரியாது மாமா.”

“அது ரத்தத்துல இருக்கு தாயி.”

இருதயம் நங்கூரக் கயிற்றை இழுத்துக் கட்டப் போனார். லெயோன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். ஜாக்கெட்டைக் கழற்றி அவர் மடியில் வைத்துவிட்டு இறங்கினான்.

லெயோனின் அடக்கத்துக்கு வந்தவர்கள், அவன் குடித்துவிட்டு இறங்கியதாகப் பேசிக்கொண்டார்கள். பிரகாசி மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவரியப்பர் எழுந்து, முதுகு வளையாமல் நின்றார்.

“எம் மவன் குடிக்கல. ஜாக்கெட்டு எம் மடியில இருந்துச்சு.”