ரிங் போட வந்தவர்கள்

நர்ஸ் வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"கர்ப்பப்பை இறக்கத்துக்கு ரிங் போட வந்தவங்க யாரு?"

பெஞ்சின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

இளையவள் எதிர் முனையைத் திரும்பிப் பார்த்தாள். முகக்கவசத்தை இறக்கிவிட்டு நிற்பது அவளுடைய ஓரகத்தி. கணவனின் அண்ணன் மனைவி.

பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.

இளையவளின் மகள் கல்யாணத்தில் வந்த வினை. குடும்பப் படம் எடுக்க எல்லாரும் மேடையில் வரிசையாக நிற்க, மூத்தவள் மட்டும் யாரிடமும் சொல்லாமல் விறுவிறுவென்று இறங்கினாள். கை நனைக்காமல் வீட்டுக்கே போய்விட்டாள். வயிற்றெரிச்சல் என்றார்கள் சொந்தக்காரர்கள். இளையவளும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது இளையவளுக்கு இந்தக் கதி. இஸ்திரிக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. சாயங்காலத்துக்குள் அடியில் ஏதோ கழன்று தொங்குவதுபோல ஒரு பாரம். தும்மினால் சேலையை மாற்ற வேண்டும். வீட்டில் மூட்டுவலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

எதிரிக்கும் வரக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்ட நோய். எதிரிக்கும் வந்திருந்தது.

மூத்தவள் மெல்ல நடந்து வந்து இளையவளை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா மறைச்சே?"

"ஒரு வருஷமாக்கா." அக்கா என்பது தானாக வாயில் வந்துவிட்டது.

"நான் பதினாலு வருஷமா அவதிப்படறேன்டி. புண்ணாகி ரத்தம் வந்தப்புறம்தான் டாக்டர்கிட்டயே காட்டினேன். பயப்படாதே. ரப்பர் வளையம்தான், உள்ளே தாங்கிப் பிடிச்சுக்கும். மூணு மாசத்துக்கு ஒருதரம் கழுவி மாட்டுவாங்க."

இளையவள் காதில் பாதிதான் விழுந்தது.

பதினாலு வருஷம்.

அப்படியென்றால் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்பே.

"அக்கா... அன்னைக்கு மேடையில..."

மூத்தவள் தரையைப் பார்த்தாள்.

"சேலை நனைஞ்சிருச்சுடி. சம்பந்தி வீட்டார் முன்னாடி உன் பொண்ணுக்குத் தலைகுனிவா போயிடக் கூடாதேன்னுதான்..."

இளையவள் வாய் திறக்குமுன் நர்ஸ் வந்து அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "உங்களுக்கு இன்னைக்குத்தான் முதல் தடவை. கூட யாரும் வரலையாம்மா?"

இளையவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

"வந்திருக்காங்க. எங்க அக்கா."