முதலிடம் பிடித்த துத்தி

காலை ஏழு மணிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து மூன்று பேர் வந்து, பழைய பேட்டரி ஆலைக்குப் பின்னால் இருந்த புல்வெளியில், செங்கோதை என்ற துத்திச் செடிக்குச் சிவப்பு நாடா கட்டினார்கள். போன மாதம் எல்லாச் செடிகளிலும் இலை கிள்ளிக்கொண்டு போனவர்கள் அவர்கள்தான்.

“ஈயம் இதில்தான் அதிகம்” என்று ஒருவர் சொன்னார்.

செங்கோதைக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்ற தும்பைச் செடியிடம் திரும்பியது. “கேட்டீங்களா தும்பையக்கா? நான்தான் முதலிடம்!”

“எதுலடி?”

“எதுலயா இருந்தா என்ன? உங்களுக்கு நாடா கட்டினாங்களா?”

பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாட்டுக் கிடா காதை நிமிர்த்தியது. “முதலிடமா? அப்போ ருசியும் முதல்தரமாத்தான் இருக்கும்” என்று வாயைத் திறந்துகொண்டு வந்தது.

செங்கோதை வெலவெலத்துப் போனது. “ஐயோ அண்ணே, ஈயத்துல! வெறும் ஈயத்துல!”

“ஈயமா? என் வயிறு என்னத்துக்கு ஆகும்!” கிடா துள்ளிப் பின்வாங்கி, தும்பையைக்கூட முகராமல் ஓடிவிட்டது.

“நல்ல முதலிடம்டி” என்று தும்பை சிரித்தது.

அதற்குள் செங்கோதைக்கு நடுக்கம் நின்றிருந்தது. “பார்த்தீங்களாக்கா, கிடாவே என்னைக் கண்டா ஓடுது!”

அடுத்த மார்ச் 14ஆம் தேதி புல்வெளியைச் சுற்றி முள்வேலி போட்டு, ‘அபாயம்’ என்று எழுதிய பலகையை நட்டார்கள். அது தன் பெயர்ப்பலகை என்று செங்கோதை வண்டுகளிடம் சொன்னது.