கடலில் சொன்ன பேர்

பஸ்ஸிலிருந்து குதித்த வெள்ளைக்காரன், "ராமுத்தாய்! ராமுத்தாய்!" என்று கூவிக்கொண்டே வயலுக்குள் ஓடிவந்தான்.

கஞ்சிக் கலயத்தோடு வரப்பில் வந்துகொண்டிருந்த ராமுத்தாய் அப்படியே நின்றுவிட்டாள்.

நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ராமுத்தாயின் கண் புருஷனைத் தேடியது. மடையருகே மண்வெட்டியோடு நின்ற சுருளியாண்டி வெள்ளைக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துரை அவளைத் தாண்டி ஓடினான். பூட்ஸ் சேற்றில் புதையப் புதையப் போய்ச் சுருளியாண்டியைக் கட்டிக்கொண்டான். "ராமுத்தாய், ராமுத்தாய்" என்று அவன் முதுகைத் தட்டினான்.

அதே பஸ்ஸில் வந்த ஆரோக்கியசெல்வம் வாத்தியார், வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே வந்து சேர்ந்தார். ராயப்பன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லித் தருகிறவர்.

"யுத்தத்துல இவுக பட்டாளத்துக்குச் சுடுற வேலை இல்லையாம், ஆத்தா. கடல்ல விழுந்தவுகள ஏரோப்ளேன்ல போயித் தேடித் தூக்குறதுதான் வேலையாம். பெரியாறு ஏரி பாக்கப் போறாக. கம்பம்னு பேரு காதுல விழுந்ததும், அங்கன ராமுத்தாய்னு யாராச்சும் உண்டான்னு பஸ்ஸு பூரா கேட்டாக. நான் உன்னையத்தான் காமிச்சேன்."

நான்கு வருஷத்துக்கு முன்னால் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பெரிய சண்டை. இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று குமுளி வழியாகக் கொச்சிக்குப் போனவன் சுருளியாண்டி. கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலை. கப்பல் குண்டுபட்டு மூழ்கியது. யாரோ காப்பாற்றினார்கள் என்பதற்கு மேல் அவன் எதுவும் சொன்னதில்லை.

போக்கிடம் இல்லாமல்தான் திரும்பி வந்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

துரை சொல்லச் சொல்ல வாத்தியார் தமிழில் சொன்னார்.

எத்தனையோ தடவை தேடிப் போய், வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களாம் அவர்கள். அன்று பலகை ஒன்றைப் பிடித்தபடி ஒரு ஆள் மிதப்பது தெரிந்து, தண்ணீரில் மிதக்கும் தங்கள் விமானத்தைக் கடலிலேயே இறக்கினார்களாம். உள்ளே இழுத்துப் போட்டபோது மூச்சு இருந்ததாம். அதைப் பார்த்து ஓட்டியவர் அழுதுவிட்டாராம்.

பேர் கேட்டார்கள். ராமுத்தாய் என்றான். ஊர் கேட்டார்கள். கம்பம் என்றான். பிறகு கரை சேரும்வரை எதைக் கேட்டாலும் ராமுத்தாய், ராமுத்தாய் என்பதே பதில்.

வாத்தியார் அதோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கே அப்போதுதான் விளங்கியது.

சுருளியாண்டி தலையைக் குனிந்து மண்வெட்டிக் காம்பில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினான்.

"அது உன் பேருன்னு தொரைகிட்டச் சொல்லிரட்டா?" என்று வாத்தியார் ராமுத்தாயிடம் மெல்லக் கேட்டார்.

"வேணாம் வாத்தியாரய்யா. அந்தப் பேர எங்க வீட்டுக்காரரே வச்சுக்கிரட்டும்."

கலயத்தை வரப்பில் இறக்கி வைத்துவிட்டு, அவள் துரைக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

அவள் யாரென்று துரைக்குத் தெரியாது. அவனும் பதிலுக்குக் கும்பிட்டான்.

பஸ்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். ஏறிய பிறகும் துரை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அந்தப் பேரைக் கூவினான். சுருளியாண்டி கையைத் தூக்கி ஆட்டினான்.

பஸ் கம்பம் பக்கம் போய் மறைந்தது. நடவுக்காரிகள் குனிந்துகொண்டார்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். 'இந்தா' என்பான், 'ஏ புள்ள' என்பான். அந்தப் பேரை அவன் வாயால் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவளுக்கும் கிடையாது. அன்று கூப்பிட்டாள்.

"ராமுத்தாய், கஞ்சி குடிக்க வாங்க."

அவன் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தான்.