கேட்கக் கூடாத கேள்வி

பச்சை ஜாக்கெட் போட்ட ஆள் வாகனத் தரிப்பிடத்தைக் கடந்து வருவதை அவள் பார்த்துவிட்டாள்.

அதே ஆள்.

போன சனிக்கிழமையும் வந்தான். யூதர்களின் ஜெப ஆலயத்து வாசலில், இதே மஞ்சள் மேலங்கியோடு அவள்தான் காவலுக்கு நின்றாள். அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள். உள்ளே போனான். கதவு, படி, குழந்தைகள் வகுப்புக்கு இறங்கும் வழி எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

மாலைக்குள் படம் இணையத்தில் வந்துவிட்டது. எத்தனை மணிக்குக் கதவு திறப்பார்கள் என்றும் எழுதியிருந்தான். அதற்குக் கீழே மற்றவர்கள் எழுதியதை யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

அவளே தேடி வாசித்தாள்.

ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

எங்கே போகிறீர்கள்?

காவலுக்குப் பயிற்சி கொடுத்த ஜெப ஆலயத்து ரிவ்கா அதைத்தான் சொல்லியிருந்தாள். தெரியாத முகம் வந்தால் நேராகப் பாருங்கள், எங்கே போகிறீர்கள் என்று கேளுங்கள். சண்டை வேண்டாம், வீரம் வேண்டாம்.

அவளுக்கு அது வாயில் வரவில்லை.

காரியமாகப் போகிறவரை நிறுத்தி அப்படிக் கேட்டால் போகிற காரியம் உருப்படாது. யாழ்ப்பாணத்தில் பிறந்த பெண்ணுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேண்டுமானால், தூரமோ என்று கேட்கலாம். சாமி கும்பிட வருகிறவரை வாசலில் மறித்து, எங்கே என்று கேட்பதா?

ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் அவளிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்.

ஆட்டோவில், அவள் மடியில் அப்பாவின் தலை. ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு மைல்.

அன்று போன காரியம் உருப்படவில்லை.

ரொறன்ரோவின் இந்த மூலையில் கோயிலும் ஜெப ஆலயமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்கள். தரிப்பிடம் இரண்டுக்கும் பொது. வசந்தத்தில் ஜெப ஆலயத்தின் கண்ணாடியை உடைத்தார்கள். அடுத்த மாதம் கோயில் சுவரில் கறுப்பு மையால் அசிங்கமாக எழுதினார்கள். இரண்டு நிர்வாகமும் ஒன்றாக உட்கார்ந்து பேசின. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள், தொலைபேசியைத் தொடுவதில்லை. அதனால் சனிக்கிழமைக் காவல் கோயில்காரர்களுடையது. தேர்த் திருவிழாக் காவல் அவர்களுடையது.

தேரன்று ரிவ்கா வெயிலில் ஆறு மணி நேரம் நின்றாள். மோர் நீட்டியபோது, தேர் சுற்றி முடிந்து இருப்புக்கு வரட்டும் என்றாள்.

அதை எப்படி மறப்பது?

படம் வெளியான மறுநாள் கோயில் தலைவர் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார்.

“தங்கச்சி, வாற கிழமை நீங்கள் வீட்டில நில்லுங்கோவன். வேற ஆளைப் போடுறம்.”

“இல்லை அண்ணை. அவனை நான்தான் உள்ளே விட்டனான். நான்தான் நிப்பன்.”

இன்று காலையிலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும் ஆங்கிலத்தில், தூரத்திலிருந்தா வருகிறீர்கள் என்றுதான் கேட்டாள். அதற்கே முழங்கால் வலி, மகனுடைய விவாகரத்து, புது வீட்டில் கூரை ஒழுகுவது எல்லாம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். விசாரிப்பதற்குத் தமிழில் இரண்டு பொருள். அவளுக்கு வந்தது நலம் விசாரிப்பது மட்டும்.

இப்போது உள்ளே பாடுகிறார்கள்.

கீழே வகுப்பில் பதினொரு குழந்தைகள். அவளே எண்ணி அனுப்பினாள்.

பச்சை ஜாக்கெட் இன்னும் பத்து அடியில். கையில் தொலைபேசி. இன்றும் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. பயம்தான், அதில் என்ன ஒளிக்க இருக்கிறது?

கேட்டால் போகிற காரியம் உருப்படாது.

சட்டென்று அவளுக்கு உறைத்தது.

உருப்படக் கூடாது. அதற்குத்தானே நிற்கிறேன்.

இரண்டு அடி முன்னால் வந்து வழியை மறித்தாள். ஆங்கிலத்தில் கேட்டாள். எங்கே போகிறீர்கள்?

சும்மா, உள்ளே பார்க்க என்றான். சிரிப்பு அப்படியே இருந்தது.

அவள் நகரவில்லை. இரண்டாம் முறை தமிழில் கேட்டாள். அடிவயிற்றிலிருந்து, மனதார, ஒரு சொல்லும் குறையாமல்.

“எங்கை போறியள்?”

கோயிலிலிருந்து காருக்கு நடந்துகொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் நின்று திரும்பின. அர்ச்சனைத் தட்டோடு ஒருவர் இந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

அவன் அவளைப் பார்த்தான். அவர்களைப் பார்த்தான். தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினான்.

ஆனால் வந்த வழியே போகவில்லை. பக்கத்துத் தெருவில் இறங்கினான். அந்தத் தெருவின் கோடியில் யூத முதியோர் இல்லம். அங்கே வாசலில் இன்று தயாபரன் நிற்கிறான், கோயில் மடப்பள்ளியில் சமைப்பவன்.

வோக்கி டோக்கியை அமுக்கினாள்.

“தயாபரன், பச்சை ஜாக்கெட். உங்கட பக்கம்தான் வாறான்.”

“விளங்குது அக்கா. கதவைப் பூட்டிப்போட்டன். பொலிசுக்கும் கோல் அடிக்கிறன்.”

அவன் வேகமாக நடந்துகொண்டிருந்தான். புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது எல்லாவற்றையும்விடப் பொல்லாத சகுனம் என்பார்கள். வாழ்க்கையில் ஒருநாளும் அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

தெருவின் நடுவே வந்து நின்றாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

“தம்பீ!”

அவன் திரும்பிப் பார்த்தான்.