சுகுமார், ச.

முகிலனின் ஆய்வேடு மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. இந்த முறையும் துணைநூற்பட்டியலில்தான், நூலகத்தில் ஆய்வேடு சரிபார்க்கும் அம்மாவின் சிவப்பு வட்டங்கள்.

மாலை ஐந்துக்குள் ஒப்படைக்காவிட்டால், கிடைத்திருக்கும் கல்லூரி வேலை கைநழுவிப் போய்விடும். தாம்பரத்தில் ரயிலேறிப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஓடினான்.

வாசலிலேயே அட்டெண்டர் காலேப் ஆறுதல் சொன்னான்.

"அந்தம்மா கீழ்க்கட்டளைல தனியா கீது சார். வூட்டுக்குப் போய் இன்னா பண்ணும்? அதான் இங்க குந்திகினு கமா எண்ணுது."

சரிபார்ப்பு அறையில் அவர் மட்டும்தான். எதிர் நாற்காலியில் யாரும் உட்கார்வதில்லை போல, அதில் டிபன் பாக்ஸ் இருந்தது. மேசைப் பலகையில் 'சரோஜினி' என்று மட்டும் எழுதியிருந்தது. இனிஷியல்கூட இல்லை.

"ஏகநாதன் யாரு தம்பி?" ஒரு வட்டத்தைக் காட்டிக் கேட்டார்.

"தேவதர்ஷினி ஏகநாதன், மேடம். கடைசிப் பேரை முன்னால போடணும்னு விதி இருக்கே."

"அது குடும்பப் பேர் இருக்கிறவங்களுக்கு. இது?"

"அவங்க அப்பா பேரா இருக்கும்."

"ஆராய்ச்சி பண்ணது அப்பாவா, பொண்ணா?"

சரியான இம்சை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தான். மொத்தம் பதினோரு பெண்கள். அப்பாக்களையும் புருஷன்களையும் பின்னால் தள்ளி, பதினோரு பேரையும் முன்னால் கொண்டுவந்தான். மணி நாலரை ஆகிவிட்டது.

கடைசியாக ஒருமுறை பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்தது. மாட்டிக்கொண்டார்.

"நீங்களே ஒண்ணைக் கோட்டை விட்டுட்டீங்க மேடம். 'சுகுமார், ச.' பல்லாவரம் ஏரி பத்தின கட்டுரை. இதுவும் ஒரு லேடி எழுதினதுதான்."

"அது இருக்கட்டும்."

"அதெப்படி? சுகுமாரா ஆராய்ச்சி பண்ணாரு?"

அவர் சிவப்புப் பேனாவை மேசையில் வைத்தார்.

"இல்ல தம்பி. அவர் விட்டுட்டுப் போனாரு."

முகிலனின் பார்வை மேசைப் பலகைக்குப் போனது. 'சரோஜினி'யின் முதல் எழுத்து, ச.

"இருபது வருஷம் ஆச்சு" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடி. "அதை யாராவது படிச்சாங்களான்னுகூட எனக்குத் தெரியாது."

"என் மூணாவது அத்தியாயமே அதை நம்பித்தான் நிக்குது மேடம்."

ஊரார் பெயருக்கெல்லாம் வட்டம் போட்ட சிவப்புப் பேனா மேசையில் கிடந்தது. அதை எடுத்து, பன்னிரண்டாவது வட்டத்தை முகிலனே போட்டான்.