குவாம் தீவின் கடைசி ஆளுநர்

“சிரிக்காதேங்கோ அப்பா, இது உண்மையா நடந்தது!” என்றாள் சுஜானி.

நித்தியானந்தனால் அடக்க முடியவில்லை. நாளைய பொதுக்கூட்டத்துக்குச் சட்டையை அயன் செய்துகொண்டிருந்தவர், பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

“திருப்பிச் சொல்லு பிள்ளை. அமெரிக்கன் கப்பல் வந்து குண்டு போடுது...”

“ஓம். 1898இல. ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் சண்டை தொடங்கி ரெண்டு மாசம். குவாம் தீவில இருந்த ஸ்பானிய ஆளுநருக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லை. குண்டுச் சத்தத்தை மரியாதை வேட்டு எண்டு நினைச்சு, அவரின்ர ஆக்கள் வள்ளத்தில போய், ‘மன்னிச்சுக்கொள்ளுங்கோ, திருப்பி வேட்டுப் போட எங்களிட்ட வெடிமருந்து இல்லை’ எண்டு சொல்லியிருக்கினம்.”

“ஐயோ பாவம்! ஆட்சி போகப்போறது தெரியாமல் இருந்திருக்கிறார் மனுசன்!”

சுஜானி அவர் அயன் செய்துவைத்த சட்டையைப் பார்த்தாள். ஸ்பெயினின் கடைசி ஆளுநர்களைப் பற்றித்தான் அவள் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு எழுதுகிறாள். ஆனால் இன்று அப்பா அம்மா இருக்கும் வுப்பர்டாலுக்கு ஓடிவந்தது ஆய்வைப் பற்றிக் கதைக்க அல்ல.

அப்பா பத்தொன்பது வருடமாக, கோடை முழுக்கப் போட்டி நடத்தும் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். தானாக இறங்கிய கழகத் தலைவரை யாராவது கண்டதுண்டா? இவரும் போன மாதம் திடீரென, ‘இன்னும் பத்து வருசத்துக்கு நான்தான்’ என்று அறிவித்துவிட்டார். அது போதாதென்று ஆண்டு விழாவில் இரண்டு மணி நேரம் மைக்கை விடவில்லை. கழகத்தின் நாற்பத்து மூன்று குடும்பமும் கடுப்பாகி, நாளைய கூட்டத்தில் இளம் உறுப்பினர் வினோஜனைத் தலைவராக்குவதென்று இரகசியமாய் முடிவெடுத்துவிட்டன. அதைப் பக்குவமாய்ச் சொல்லும் வேலை மகளின் தலையில் விழுந்தது. நாளைக்கு எல்லார் முன்னாலும் அப்பா உடைந்துபோனால் அவளால் தாங்க முடியாது.

“அப்பா, நாளைக்கு உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகினம்.”

“ஓம், சொன்னவை.”

“அது வழியனுப்பிற பொன்னாடை அப்பா. எல்லாரும் வினோஜனுக்குத்தான் வோட்டுப் போடப் போகினம்.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நித்தியானந்தன் அவளையே பார்த்தார். “எல்லாருமோ?”

“ஓம்.”

“ஒருத்தரும் மனசு மாற மாட்டினமோ?”

“மாட்டினம் அப்பா. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“பாலாம்பிகை!” என்று குசினியிலிருந்த மனைவியை அவர் கூப்பிட்ட கூச்சலில் சுஜானி திடுக்கிட்டாள். “கோடை விடுமுறைக்கு டிக்கெட்டைப் போடு, என்னை விட்டிட்டினம்!”

பிறகு மகளின் கண்ணைத் துடைத்துவிட்டார். “ஆறு வருசமா ‘என்னை விடுங்கோ’ எண்டு கெஞ்சினன் பிள்ளை. பெரிய மனுசன்ர பணிவு எண்டு சொல்லித் திரும்பத் திரும்பப் பிடிச்சு இருத்திவிட்டினம். அதுதான் இந்த முறை, போகமாட்டன் எண்டு சொல்லிப் பார்த்தன்!”